ஓ-யு-ஜி-எச்: நான்கு எழுத்துக்கு ஏன் இத்தனை உச்சரிப்பு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் கற்பவர்களோடு பழகும் யாருக்கும் இந்தச் சந்தேகங்கள் காதில் விழாமல் இருக்காது. பள்ளிப் பிள்ளைகள் கேட்கிறார்கள், நேர்முகத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் கேட்கிறார்கள், பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தர உட்காரும் அம்மா அப்பாக்களும் கேட்கிறார்கள். பலர் தயங்கித் தயங்கித்தான் கேட்கிறார்கள். தயங்க வேண்டியதே இல்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைக் கொடுத்திருக்கிறேன்.

1. ஓ-யு-ஜி-எச்னா எந்தெந்தச் சொல்லைப் பத்திப் பேசறோம்?

ஓ, யு, ஜி, எச் ஆகிய நான்கு எழுத்துகளும் இதே வரிசையில் அடுத்தடுத்து வரும் சொற்களைப் பற்றி. தினமும் புழங்குபவையே நிறைய இருக்கின்றன: 'தோ' (இருந்தாலும்), 'த்ரூ' (ஊடாக), 'ரஃப்' (சொரசொரப்பான), 'டஃப்' (கடினமான), 'இனஃப்' (போதும்), 'காஃப்' (இருமல்), 'டோ' (பிசைந்த மாவு), 'ப்ளவ்' (ஏர்), 'தாட்' (நினைத்தான், எண்ணம்), 'பாட்' (வாங்கினான்). இவற்றை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், எல்லாவற்றிலும் அந்த நால்வர் நிற்பார்கள்.

இந்தப் பக்கத்தில் சொற்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். எழுத்துக் கூட்டும் இடங்களில் 'டீ' என்று நீட்டியிருந்தால் அது டைகரின் முதல் எழுத்து, 'டி' என்று குறுக்கியிருந்தால் டாக் என்பதன் முதல் எழுத்து. அப்புறம், வேறு மாதிரி சொல்லாத இடங்களில் பிரிட்டிஷ் உச்சரிப்பையே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

2. மொத்தம் எத்தனை உச்சரிப்பு? ஒருத்தர் ஆறுன்னு சொல்றார், இன்னொருத்தர் ஒன்பதுன்னு சொல்றார்.

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். எந்த நாட்டு உச்சரிப்பை வைத்து எண்ணுகிறோம், அரிய சொற்களைச் சேர்க்கிறோமா என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும்.

அடிப்படை ஆறு இவை. 'தோ', 'டோ', 'ஆல்தோ' ஆகியவற்றில் ஓ. 'த்ரூ'வில் ஊ. 'ரஃப்', 'டஃப்', 'இனஃப்' மூன்றிலும் அஃப். 'காஃப்', கால்நடைக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டியான 'ட்ராஃப்' இரண்டிலும் ஆஃப். 'ப்ளவ்', மரக்கிளையைக் குறிக்கும் 'பவ்' இரண்டிலும் அவ். 'தாட்', 'பாட்', 'ஃபாட்' போன்றவற்றில் வாயைக் குவித்துச் சொல்லும் நீண்ட ஆ.

பிரிட்டிஷ் உச்சரிப்பில் 'தரா' (முழுமையான), 'பரா' (நகராட்சிப் பகுதி) என்று இரண்டு சொற்கள் தேய்ந்த அகரத்தில் முடிகின்றன, அது ஏழாவது. அமெரிக்கர்கள் அவற்றைத் 'தரோ', 'பரோ' என்று முடிப்பதால் அவர்களுக்கு அது முதல் குழுவிலேயே சேர்ந்துவிடும். விக்கலைக் குறிக்கும் 'ஹிக்கப்' என்பதை இந்த நான்கு எழுத்தோடு எழுதினால் எட்டு. ஏரிக்கு அயர்லாந்தில் வழங்கும் 'லாக்' ஒன்பது.

3. இதுக்கு ஒரு ரூலாவது கிடையாதா? எல்லாத்தையும் மனப்பாடம்தான் பண்ணணுமா?

உருப்படியான விதி ஒன்று இருக்கிறது. அதை யாரும் முதலில் சொல்லித்தராதது எனக்குப் பெரிய வருத்தம். நான்கு எழுத்துக்கும் பின்னால் உடனே டீ வந்தால், ஒலி 'ஆட்'. அவ்வளவுதான். 'தாட்' (நினைத்தான்), 'பாட்' (வாங்கினான்), 'ப்ராட்' (கொண்டுவந்தான்), 'ஃபாட்' (சண்டையிட்டான்), 'சாட்' (தேடினான்), 'ஆட்' (வேண்டும்), 'நாட்' (சுழியம்), 'ராட்' (அடித்து உருவாக்கிய) எல்லாம் இந்த விதிக்குள் அடக்கம். இதில் எங்கேயும் ஃப் கிடையாது, ஓ கிடையாது.

விலகி நிற்பவை இரண்டு. வறட்சியைக் குறிக்கும் 'ட்ரவுட்' அடிக்கடி செய்தியில் வரும், அதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மனவுறுதி மிக்க என்ற பொருளில் வரும் 'டவுட்டி' பழைய சொல், படிக்கும்போது கண்ணில் பட்டால் போதும்.

டீ இல்லாத சொற்களுக்கு விதி கிடையாது. ஆனால் அவை விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கின்றன. இன்னொரு ஆறுதல்: விகுதி சேர்ந்தாலும் அடிச்சொல்லின் ஒலி மாறாது. 'டஃப்' தெரிந்தால் 'டஃப்னஸ்', 'டஃபன்' தெரியும். 'தாட்' தெரிந்தால் 'தாட்ஃபுல்' தெரியும்.

4. தோ, த்ரூ, தரா, தாட், டஃப் - அஞ்சும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரியுது. எப்படிப் பிரிக்கறது?

இந்த ஐந்தும்தான் உண்மையான தலைவலி, ஏனென்றால் ஐந்தும் அன்றாடச் சொற்கள். ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்துக்கொண்டே போய்ப் பாருங்கள். டீ-ஓ-யு-ஜி-எச் என்பது 'டஃப்'. டீக்குப் பக்கத்தில் ஒரு எச் சேர்த்தால் டீ-எச்-ஓ-யு-ஜி-எச், அது 'தோ'. அதன் கடைசியில் ஒரு டீ வைத்தால் 'தாட்'. 3ஆம் கேள்வியில் சொன்ன விதி வேலை செய்துவிட்டது. கடைசி டீயை எடுத்துவிட்டு, எச்சுக்குப் பின்னால் ஒரு ஆர் நுழைத்தால் டீ-எச்-ஆர்-ஓ-யு-ஜி-எச், அது 'த்ரூ'. அந்த ஆருக்கு முன்னால் இன்னொரு ஓ வந்தால் டீ-எச்-ஓ-ஆர்-ஓ-யு-ஜி-எச், அது 'தரா'. ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, சேர்ந்த எழுத்தை மட்டும் வட்டமிட்டுப் பாருங்கள். கண் எதைத் தேட வேண்டும் என்பது பிடிபட்டுவிடும்.

தொடக்க ஒலியையும் கவனிக்க வேண்டும். 'தோ'வின் த, 'அது', 'இது' என்பதில் வருகிற மெல்லிய த. 'தாட்', 'த்ரூ', 'தரா' மூன்றிலும் வருவது வேறு: நாக்கு நுனியைப் பல்லுக்கு நடுவே வைத்து, குரல் இல்லாமல் காற்றை மட்டும் விட வேண்டும். தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள். 'தோ'வுக்குத் தொடக்கத்திலேயே அதிரும். 'தாட்'டுக்கு ஆகாரம் வந்த பிறகுதான் அதிரும்.

5. 'பாட்'டும் 'ப்ராட்'டும் எப்பவும் மாறிப்போகுது. என்ன பண்றது?

பெரியவர்கள் எழுதும் மின்னஞ்சல்களில்கூட மாறிப்போகும் ஜோடி இது. 'பை' என்றால் வாங்கு, அதன் இறந்தகாலம் 'பாட்'. 'ப்ரிங்' என்றால் கொண்டுவா, அதன் இறந்தகாலம் 'ப்ராட்'. மூலச்சொல்லில் ஆர் இருந்தால் இறந்தகாலத்திலும் ஆர் இருக்கும். மூலத்தில் இல்லையென்றால் அங்கேயும் இல்லை. 'ஐ பாட் எ புக்' என்றால் காசு கொடுத்து வாங்கினேன். 'ஐ ப்ராட் எ புக்' என்றால் எடுத்துக்கொண்டு வந்தேன், யாருடைய புத்தகமாகவும் இருக்கலாம்.

6. சொல்லவே சொல்லாத ஜி-எச்சை எதுக்கு எழுதி வெச்சாங்க?

எழுதி வைத்த காலத்தில் சொன்னார்கள், அதனால்தான். பழைய ஆங்கிலத்தில் இந்த இடத்தில் ஓர் உரசொலி இருந்தது. நாக்கின் பின்பகுதி மேலண்ணத்தைத் தொடாமல் நெருங்கி நிற்க, அந்த இடுக்கில் காற்று உரசிக்கொண்டு வரும் ஒலி. 'அஃது' என்பதில் ஆய்தத்தை அழுத்திச் சொல்லிப் பாருங்கள், ஏறக்குறைய அதுதான். ஸ்காட்லாந்துக்காரர்கள் ஏரியைச் சொல்லும் 'லாக்' என்ற சொல்லின் கடைசியில் அந்த ஒலி இன்றும் உயிரோடு இருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் அதைப் பெரும்பாலும் எச் என்ற ஒற்றை எழுத்தாலேயே எழுதினார்கள். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு வழக்கத்தில் பயின்ற எழுத்தர்கள் கைக்கு எழுத்துமுறை வந்தது. 'யோக்' என்று ஒரு தனி எழுத்தும் சில நூற்றாண்டுகள் புழக்கத்தில் இருந்தது. கடைசியில் ஜியும் எச்சும் சேர்ந்த இரட்டை எழுத்து நிலைத்தது.

ஆங்கிலத்தின் உறவு மொழியான ஜெர்மனில் அந்தப் பழைய ஒலியை இன்றும் கேட்கலாம். ஆங்கிலத்தில் 'நைட்' (இரவு), ஜெர்மனில் 'நாக்ட்'. ஆங்கிலத்தில் 'டாட்டர்' (மகள்), ஜெர்மனில் 'டாக்டர்' போல ஒலிக்கும் ஒரு சொல். ஆங்கிலத்தில் 'ப்ராட்', ஜெர்மனில் 'ப்ராக்டெ'. இந்த ஜெர்மன் சொற்களில் வரும் க், நான் மேலே சொன்ன உரசொலி. ஆங்கிலத்தில் ஜி-எச் பேச்சில்லாமல் நிற்கும் இடத்தில் ஜெர்மன் உரசிக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போது, அந்த எழுத்துகள் வீணுக்கு வைத்தவை அல்ல என்பது புரியும்.

7. சரி, ஒலி மறைஞ்சுபோச்சு. அப்போ 'ரஃப்', 'காஃப்'ல மட்டும் ஃப் எங்கிருந்து வந்தது?

மறைந்தது ஒரு பக்கம், மாறியது இன்னொரு பக்கம். அந்தப் பழைய ஒலியும் ஃப்பும் இரண்டுமே காற்று உரசும் ஒலிகள். ஒன்று தொண்டைப் பக்கம், மற்றது உதட்டில். இதழ் குவித்துச் சொல்லும் உ, ஒ போன்ற உயிர்களுக்குப் பின்னால் வந்தபோது, உதடு ஏற்கெனவே குவிந்திருந்ததால் உரசலும் உதட்டுக்கே நகர்ந்துவிட்டது. தமிழில் ஃப் எழுதுவதற்கு நாம் அதே ஆய்தத்தைத்தான் துணைக்கு வைத்திருக்கிறோம் என்பது தற்செயல்தான். ஆனாலும் இதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

எல்லாச் சொல்லும் ஒரே வழியில் போகவில்லை. வட்டாரத்துக்கு வட்டாரம் பேச்சு வேறுபட்டது. சொல்லின் கடைசியில் நின்ற ஒலி ஒரு விதமாகவும், விகுதி சேர்ந்து நடுவில் அகப்பட்ட ஒலி வேறு விதமாகவும் மாறியது. பிறகு பொதுமொழி ஒரு சொல்லை இந்த வடிவத்திலும் இன்னொரு சொல்லை அந்த வடிவத்திலும் எடுத்துக்கொண்டது. ஒரே சொல் இரண்டு வழியிலும் போனதற்குச் சாட்சி இருக்கிறது. 'இனஃப்' என்பதற்கு 'இனவ்' என்றொரு வடிவம் பழைய ஆங்கில இலக்கியத்தில் வரும். மாவைக் குறிக்கும் 'டோ'வுக்கு வடக்கு இங்கிலாந்தில் 'டஃப்' என்ற உச்சரிப்பு இருந்தது. அது டி-யு-எஃப்-எஃப் என்று தனியாக எழுதப்பட்டு, ஒருவகைப் புட்டிங்கின் பெயராக இன்றும் நிற்கிறது.

குள்ளனைக் குறிக்கும் 'ட்வார்ஃப்' என்ற சொல்லும் இதே கூட்டத்தைச் சேர்ந்ததுதான். அதன் கடைசி ஒலியும் பழைய உரசொலியிலிருந்து ஃப்பாக மாறியது. அதற்கு மட்டும் எழுத்தையும் எஃப் என்று மாற்றிவிட்டார்கள். 'ரஃப்'புக்கும் அப்படிச் செய்திருந்தால் நமக்கு இந்தப் பாடே இல்லை.

8. உச்சரிப்பு மாறினப்போ எழுத்தையும் மாத்தியிருக்கலாமே?

காலம் ஒத்துவரவில்லை. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சுக்கூடத்தை நிறுவினார். அச்சு வந்த பிறகு எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைய ஆரம்பித்தது. ஆனால் உச்சரிப்பு அதே சமயம் கொந்தளித்துக்கொண்டிருந்தது. சுமார் 1400 முதல் 1700 வரை ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் எல்லாமே இடம் மாறின; மொழியியலாளர்கள் அதைப் 'பெரும் உயிரொலிப் பெயர்ச்சி' என்கிறார்கள். ஜி-எச் ஒலி மறைந்ததும் ஃப் ஆனதும் ஏறக்குறைய இந்தக் காலத்தில்தான். 1755இல் சாமுவேல் ஜான்சனின் அகராதி வெளிவந்தபோது, எழுத்து பழைய காலத்திலும் பேச்சு புதிய காலத்திலும் நின்றன. அகராதி எழுத்துக்கு முத்திரை குத்திவிட்டது.

9. தமிழ்ல இந்தத் தொல்லை இல்லையே, எழுதற மாதிரிதானே படிக்கறோம்?

முழுக்க அப்படி இல்லை. 'கல்', 'பகல்', 'தங்கம்' மூன்றிலும் ஒரே க-வைத்தான் எழுதுகிறோம். ஆனால் மூன்று ஒலி. முதலில் வல்லோசை, இரண்டாவதில் மெலிந்து உரசுகிறது, மூன்றாவதில் ங்-க்குப் பின்னால் அதிர்கிறது. நமக்கு அது உறைப்பதே இல்லை, ஏனென்றால் எந்த இடத்தில் எந்த ஒலி என்பதை அக்கம்பக்கத்து எழுத்தே சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தின் இந்த நான்கு எழுத்தில் அப்படிச் சொல்ல அக்கம்பக்கத்தில் ஆளில்லை. டீ ஒன்றுதான் உதவுகிறது. வேறுபாடு அங்கேதான்.

10. 'த்ரூ'வும் 'தரா'வும் ஒரே சொல்லா? எங்கேயோ படிச்சேன், நம்ப முடியலை.

நம்பலாம். இரண்டும் ஒரே பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தவை. அழுத்தம் இல்லாமல் சொன்ன இடத்தில் குறுகி 'த்ரூ' ஆனது. அழுத்திச் சொன்ன இடத்தில் நடுவில் ஓர் உயிர் புகுந்து ஈரசையாகி 'தரா' ஆனது. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஊடுருவிப் போவது என்ற பொருளிலிருந்துதான் 'முழுமையான' என்ற பொருள் வந்தது. பொதுவழியைக் குறிக்கும் 'தராஃபேர்' என்ற சொல்லில் 'ஊடாக' என்ற பழைய பொருள் அப்படியே இருக்கிறது.

இப்படி ஒட்டிப்பிறந்த சொற்கள் இந்தக் கூட்டத்தில் இன்னும் உண்டு. கடன்பட்டிருப்பதைக் குறிக்கும் 'ஓ' என்ற வினைச்சொல்லின் பழைய இறந்தகாலம்தான் 'ஆட்'. கடன் என்ற பொருள் கடமை என்று திரும்பி, இன்று 'செய்ய வேண்டும்' என்ற பொருளில் நிற்கிறது. தமிழிலும் 'கடன்' என்ற சொல்லுக்குக் கடமை என்ற பொருள் இருப்பதை நினைத்துப் பாருங்கள். 'ராட்' என்பது 'வொர்க்' என்பதன் பழைய இறந்தகாலம். தேனிரும்பைக் குறிக்கும் 'ராட் அயர்ன்' என்ற பெயரில் அது பிழைத்திருக்கிறது. இல்லை என்பதைக் குறிக்கும் சாதாரண 'நாட்', சுழியத்தைக் குறிக்கும் 'நாட்'டின் தேய்ந்த வடிவம்.

11. 'லாஃப்', 'டாட்டர்' இதெல்லாம் இந்தக் கூட்டமா?

பக்கத்து வீட்டுக் கூட்டம். அங்கே ஓ-வுக்குப் பதில் ஏ: ஏ-யு-ஜி-எச். வரலாறு 6, 7ஆம் கேள்விகளில் சொன்னதேதான். அங்கேயும் டீ வந்தால் பெரும்பாலும் 'ஆட்' ஒலி: 'காட்' (பிடித்தான்), 'டாட்' (கற்பித்தான்), 'டாட்டர்' (மகள்), 'நாட்டி' (குறும்பான).

விலக்கு இரண்டு சொற்கள்: 'லாஃப்டர்' (சிரிப்பு), 'ட்ராஃப்ட்' (காற்றோட்டம்). 'லாஃப்டர்' என்பதற்கு முன்னால் ஒரே ஒரு எஸ் எழுதிப் பாருங்கள். படுகொலை என்று பொருள்படும் 'ஸ்லாட்டர்' வந்துவிடும். ஃப் காணாமல் போய்விடும். எழுத்து ஒன்றுதான் கூடியது, பொருளும் ஒலியும் எங்கேயோ போய்விட்டன.

வறட்சியையும் காற்றோட்டத்தையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். டி-ஆர்-ஓ-யு-ஜி-எச்-டீ என்றால் வறட்சி, 'ட்ரவுட்'. டி-ஆர்-ஏ-யு-ஜி-எச்-டீ என்றால் காற்றோட்டம், 'ட்ராஃப்ட்'. அமெரிக்கர்கள் இரண்டாவதை டி-ஆர்-ஏ-எஃப்-டீ என்று எளிதாக எழுதிவிடுவதால் அவர்களுக்குக் குழப்பம் குறைவு.

12. 'த்ரூ'வை டீ-எச்-ஆர்-யுன்னு எழுதினா தப்பா? எல்லா இடத்துலயும் பார்க்கறேனே?

பலகையிலும் குறுஞ்செய்தியிலும் பார்க்கலாம். தேர்விலும், அலுவலகக் கடிதத்திலும், விண்ணப்பத்திலும் முழுசாக எழுதுங்கள். 'தோ'வை டீ-எச்-ஓ என்று சுருக்குவதற்கும் இதே பதில்.

இந்தச் சுருக்கங்கள் சோம்பலில் பிறந்தவை அல்ல, அவற்றுக்குப் பின்னால் பெரிய இயக்கமே இருந்தது. அமெரிக்காவின் தேசியக் கல்விச் சங்கம் 1898இல் பன்னிரண்டு சொற்களுக்கு எளிய எழுத்துக்கூட்டலை ஏற்றுக்கொண்டது. அவற்றில் ஏழு 'தோ', 'ஆல்தோ', 'த்ரூ', 'தரோ' வகையறா. 1906இல் ஆண்ட்ரூ கார்னகியின் பண உதவியோடு எழுத்துச் சீர்திருத்த வாரியம் ஒன்று உருவாகி 300 சொற்களின் பட்டியலை வெளியிட்டது. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அந்தப் பட்டியலின்படி அச்சிடுமாறு அரசு அச்சகத்துக்கு ஆணையிட்டார். பத்திரிகைகள் கேலி செய்தன, நாடாளுமன்றம் எதிர்த்தது, அதே ஆண்டின் இறுதிக்குள் அவர் பின்வாங்க வேண்டியதாயிற்று. 'சிகாகோ ட்ரிப்யூன்' நாளிதழ் மட்டும் 1934இல் தானே ஒரு சீர்திருத்தத்தைத் தொடங்கி, 1975 வரை விட்டுவிட்டு முயன்று பார்த்தது. அதுவும் கடைசியில் பழைய வழிக்கே திரும்பியது.

தப்பிப் பிழைத்தவை சில உண்டு. ஏரைக் குறிக்கும் சொல்லைப் பி-எல்-ஓ-டபிள்யூ என்று எழுதுவது அமெரிக்காவில் முறையான எழுத்தே. 'டோநட்' என்பதை டி-ஓ-என்-யு-டீ என்று எழுதுவதும் அகராதி ஏறிவிட்டது. பிரிட்டிஷ் முறையில் எழுதுகிறவர்கள் இரண்டுக்கும் நீளமான வடிவத்தையே பயன்படுத்துவது நல்லது.

13. 'ஹிக்கப்'ல ப் எப்படி வந்தது? அதுவும் பழைய ஒலியா?

இல்லை. இது ஓர் எழுத்துக் குழப்பம். விக்கல் வரும் சத்தத்தைப் பார்த்து வைத்த பெயர் அது. யு-பி என்று முடியும் எளிய வடிவமே முந்தியது. விக்கலும் ஒருவகை இருமல்தான் என்று நினைத்து, பிற்பாடு 'காஃப்' என்ற சொல்லை அதன் வாலில் ஒட்டிவிட்டார்கள். எழுத்து மாறியது, உச்சரிப்பு மாறவில்லை. எளிய வடிவத்தையே எழுதுங்கள். அதுதான் சரி, அதுதான் இன்று பெருவழக்கு.

14. அப்போ ஜி-எச் இருக்கற எல்லாச் சொல்லும் அந்தப் பழைய உரசொலியிலிருந்து வந்ததுன்னு சொல்ல முடியாதா?

முடியாது. மகிழ்ச்சியைக் குறிக்கும் 'டிலைட்' பிரெஞ்சிலிருந்து வந்த சொல். அதில் ஜி-எச் இருந்ததே இல்லை. 'லைட்', 'நைட்' போன்றவற்றைப் பார்த்து 16ஆம் நூற்றாண்டில் செருகிவிட்டார்கள். கர்வம் பிடித்த என்று பொருள்படும் 'ஹாட்டி'யும் பிரெஞ்சு வழிவந்ததே. ஆவியைக் குறிக்கும் 'கோஸ்ட்' என்ற சொல்லில் ஜிக்குப் பின்னால் எச் நுழைந்தது, 8ஆம் கேள்வியில் வந்த காக்ஸ்டனின் அச்சில். அவர் நெடுங்காலம் ப்ரூஜ் நகரில் இருந்தவர். ஃபிளெமிஷ் மொழி எழுத்துப் பழக்கம் அச்சில் ஒட்டிக்கொண்டது என்பதே வழக்கமான விளக்கம். சொல்லின் தொடக்கத்தில் ஜி-எச் வந்தால் வெறும் ஜியாகச் சொன்னால் போதும்.

விடுப்பைக் குறிக்கும் 'ஃபர்லோ' டச்சு மொழியிலிருந்து வந்தது. 2020இல் பிரிட்டனில் ஊழியர்களைச் சம்பள உதவியோடு வீட்டில் இருத்தியபோது, அதுவரை பலர் கேள்விப்படாத இந்தச் சொல் தினசரிச் செய்தியாகிவிட்டது.

15. 'காஃப்'புக்கும் 'ப்ளவ்'வுக்கும் பின்னாடி ஈ-டி சேர்த்தா எப்படிச் சொல்லணும்?

நல்ல கேள்வி, பாடப் புத்தகங்கள் தொடாமல் போகும் இடம். எழுத்தைப் பார்க்காதீர்கள், கடைசி ஒலியைப் பாருங்கள். 'காஃப்' குரலில்லாத ஃப் ஒலியில் முடிவதால் இறந்தகால விகுதி டைகரின் முதல் ஒலியாகும்: 'காஃப்ட்', ஒரே அசை. 'ப்ளவ்' உயிரொலியில் முடிவதால் விகுதி டாக் என்பதன் முதல் ஒலியாகும். 'க்ளவுட்' என்று மேகத்தைச் சொல்லும்போது கடைசியில் வருமே, அதே மென்மை. 'காஃபெட்', 'ப்ளவெட்' என்று இழுத்துச் சொல்லக் கூடாது.

16. ஒரே எழுத்துக்கூட்டலுக்கு ரெண்டு உச்சரிப்பு இருக்கற சொல் உண்டா?

உண்டு. எஸ்-எல்-ஓ-யு-ஜி-எச். 'ஸ்லவ்' என்று சொன்னால் சதுப்பு, சேறு. 'ஸ்லஃப்' என்று சொன்னால் உரித்துப் போடுவது. பாம்பு சட்டை உரிப்பதற்கு இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துவார்கள். இரண்டும் வேர் வேறான தனித்தனிச் சொற்கள். அமெரிக்காவில் சதுப்பைக் குறிக்கும்போது 'ஸ்லூ' என்றும் சொல்வார்கள். ஆகவே 'ஊ' ஒலி 'த்ரூ'வுக்கு மட்டுமே சொந்தம் என்று சொல்லிவிட முடியாது. பிரபு ப்ரூமின் பெயரால் அழைக்கப்பட்ட 'ப்ரூம்' என்ற குதிரை வண்டியிலும் இந்த நான்கு எழுத்து ஊ-வாக ஒலிக்கிறது.

17. பிள்ளைக்கு இதை எந்த வரிசையில சொல்லித்தரலாம்?

எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக ஒரே நாளில் கொடுக்காதீர்கள். 'பார், எத்தனை விதம்' என்று வியக்க அது நல்லது, கற்க நல்லதல்ல. ஒத்த உருவங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும்.

முதலில் டீயில் முடியும் 'ஆட்' குடும்பத்தை மட்டும் எடுங்கள். விதி இருக்கிறது, சொற்களும் அதிகம், பிள்ளைக்கு நம்பிக்கை வரும். அது கைவந்த பிறகு 'ரஃப்', 'டஃப்', 'இனஃப்' மூன்றையும் ஒரு கட்டாகக் கொடுங்கள். பிறகு 'தோ', 'ஆல்தோ', 'டோ'. 'த்ரூ'வையும் 'காஃப்'பையும் தனித்தனியாக, வேறு வேறு நாளில். 'ப்ளவ்'வோடு 'ட்ரவுட்'டைச் சேர்த்துச் சொன்னால் ஏரும் வறட்சியும் பொருளாலும் ஒட்டிக்கொள்ளும். 'தரா'வைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். 4ஆம் கேள்வியில் சொன்ன ஐந்து சொல் பயிற்சி இவை எல்லாம் முடிந்த பிறகுதான். ஒவ்வொரு சொல்லையும் ஒரு முழு வாக்கியத்தில் வாய்விட்டுச் சொல்ல வைத்து, அதற்குப் பிறகே எழுத வையுங்கள்.

18. ஊர்ப் பெயர், ஆள் பெயர்ல வந்தா எப்படிப் படிக்கறது?

ஊர்ப் பெயர்களுக்கு ஓரளவு வழி உண்டு. இங்கிலாந்தில் 'பரோ' என்று நாம் படிக்கத் தோன்றும் முடிவெல்லாம் பெரும்பாலும் தேய்ந்த 'பரா'தான்: ஸ்கார்பரா, பீட்டர்பரா. மிடில்ஸ்பராவில் பி-க்குப் பின்னால் ஓ இல்லை, நேரே ஆர் வரும். ஆனாலும் உச்சரிப்பு அதேதான். எடின்பராவில் இந்த நான்கு எழுத்தே இல்லை, அங்கே முடிவு பி-யு-ஆர்-ஜி-எச். லண்டனுக்கு மேற்கே இருக்கும் ஊர் ஸ்லவ், 16ஆம் கேள்வியில் பார்த்த சேற்றின் ஒலி. 'லஃப்பரா' என்ற ஊரின் பெயரில் நான்கு எழுத்தும் இரண்டு முறை வருகின்றன. முதலில் அஃப், அடுத்து தேய்ந்த அ. வட அயர்லாந்தின் 'லாக் நே', பரப்பளவில் பிரிட்டனும் அயர்லாந்தும் அடங்கிய தீவுக்கூட்டத்திலேயே பெரிய ஏரி. அதன் முதல் சொல்லில் இந்த நான்கு எழுத்து ஆக் என்று ஒலிக்கிறது.

ஆள் பெயர்களுக்கு வழியே கிடையாது. எச்-ஓ-யு-ஜி-எச்-டீ-ஓ-என் என்று எழுதும் குடும்பப் பெயரை ஒருவர் 'ஹாட்டன்' என்பார், ஒருவர் 'ஹவ்டன்' என்பார், இன்னொருவர் 'ஹோட்டன்' என்பார். மூன்றும் அவரவர்க்குச் சரி. கூட்டத்தில் பெயர் சொல்லி அழைக்க வேண்டியிருந்தால், முன்கூட்டியே அவரிடமே கேட்டுவிடுங்கள். தன் பெயரைச் சரியாகச் சொல்ல ஒருவர் மெனக்கெடுவதை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.